பிப்ரவரியில் காயுது, டிசம்பரில் அழுகுது: சிங்கப்பூர்த் தரைவீட்டுப் புல்தரை அனுபவங்கள் (புனைபெயரில் ஐந்து பேர் பேசிக்கொள்கிறார்கள்)

மண்வெட்டி:

சிங்கப்பூரில் தரைவீட்டு (அடுக்குமாடியல்லாத, நிலத்தோடு கூடிய வீடு) முன்புறம் பத்துக்கு நாலு மீட்டர் புல் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "தினமும் தண்ணி ஊத்துறேன், ஏன் மஞ்சளாவே இருக்கு?" பாதி நேரம், தினமும் ஊற்றுவதால்தான் மஞ்சள். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. இங்கே புல்லுக்குத் தாகத்தைவிட மூச்சுத்திணறல்தான் அதிகம்.

காரணம் மண்ணுக்குக் கீழே. வீடு கட்டி முடித்ததும் உடைந்த ஓடு, செங்கல், காய்ந்த சிமெண்டுக் கலவை எல்லாவற்றையும் அங்கேயே மிதித்துச் சமப்படுத்தி, மேலே ஐந்து சென்டிமீட்டர் செம்மண் போட்டு, குளோஸ் டர்ஃபிங் (புல்துண்டுகளை இடைவெளியில்லாமல் பதிப்பது) செய்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதம் பார்க்க அழகாக இருக்கும். வேர் கீழே இறங்கிக் கல்லில் முட்டியதும் ஆட்டம் முடிந்தது.

முதலில் ஒரு குழி தோண்டுங்கள், 30 செ.மீ. ஆழம். தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் உரக்கடைக்குப் போவதில் அர்த்தமில்லை. தோட்ட ஃபோர்க்கை 8 முதல் 10 செ.மீ. ஆழம் வரை குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள். துளைக்குத் துளை ஒரு சாண் இடைவெளிக்குள் இருக்கட்டும். பிறகு கழுவிய ஆற்றுமணலை 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர் மணல், ஏறக்குறைய 300 கிலோ. புல் நுனி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். களிமண்ணைக் கொத்தி அதில் ரெண்டு மூட்டை மணலைக் கலப்பவர்களும் உண்டு. அது காய்ந்தால் செங்கல்தான். மணல் துளைக்குள் தூண் மாதிரி நிற்க வேண்டும், கலக்கக் கூடாது.

அப்படியும் வடியாவிட்டால் 100 மி.மீ. துளைக்குழாய், அதைச் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு, வடிகால்வரை. செலவுதான், வேறு வழியில்லை.

---

சிக்லாப் பக்கம்:

எந்தப் புல் என்று சொல்லாமல் ஆலோசனை கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சாலையோரத்தில் அகல இலையோடு இருப்பது கவ் கிராஸ். அதன் குட்டை வகைதான் பேர்ல் கிராஸ். ஊசி மாதிரி நெருக்கமாக இருப்பது ஸோய்சியா; நம் ஊரில் அதற்குச் சிக்லாப் புல் என்றே பெயர். சாம்பல் கலந்த பச்சையில் மெல்லிசாகப் படர்வது சிராங்கூன் புல். பேட்டைப் பெயரில் புல் இருக்கும் ஊர் நம்முடையது!

கவ் கிராஸ் பாதி நிழலைத் தாங்கும், புளிப்பு மண்ணையும் தாங்கும். அதனால் மண்ணின் பிஎச் (புளிப்பு அளவு) பார்க்காமல் சுண்ணாம்பு தூவ வேண்டாம். சிக்லாப் புல்லுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மெத்தை மாதிரி இருக்கிறது என்று ஆசைப்பட்டு மாமர நிழலில் அதைப் போட்டால் ஆறு மாதத்தில் நூல் நூலாகிவிடும்.

வாங்கும்போது நாலு துண்டையாவது திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்பு மணிபோல உருண்டைகள் இருந்தால் அது கோரைக் கிழங்கு. அந்த லோடை இறக்கவே விடாதீர்கள். மூன்று பட்டை உள்ள தண்டோடு முளைத்த பிறகு கையால் பிடுங்கினால் இலைதான் வரும், கிழங்கு உள்ளே தங்கி இன்னும் நாலு முளை விடும். 15, 20 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு எடுத்தால்தான் தீரும்.

---

நிழல் கணக்கு:

ஆறு மணி நேர வெயில் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, 1.3 பாகையில் இருக்கிறோம். சூரியன் ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே. டிசம்பரில் மதியம் ஒரு மணிக்குக்கூட 10 மீட்டர் உயர வீட்டின் நிழல் வடபுறம் நாலரை மீட்டருக்கு விழும். ஜூனில் அதே சுவரின் நிழல் தென்புறம் நாலு மீட்டர்.

ஆக, வீட்டுக்கு வடக்கே புல் வைத்திருந்தால் அடைமழை பெய்யும் மாதங்களில்தான் நிழலும் சேர்ந்து வருகிறது. சுவரோரம் பாசி, வழுக்கல், வட்ட வட்டமாகப் பழுப்பு, எல்லாம் அங்கேதான். நோய் மருந்து அடிப்பதற்குமுன் அந்தச் சுவரோரப் பட்டையை மட்டும் வழக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக வெட்டிப் பாருங்கள். இலைப்பரப்பு கூடினால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மீட்டருக்குள் சுவரோரம் ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் கூழாங்கல் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

---

பிளேடு:

எல்லாரும் மண்ணையும் நிழலையும் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டிய மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. கிழிந்து, வெள்ளை நார் தொங்கி, ரெண்டு மி.மீ. பழுப்பாக இருந்தால் மெஷின் புல்லை வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது தரை முழுக்க வெளிறித் தெரிவது அதனால்தான். பூஞ்சை என்று நினைத்துப் பணம் செலவழிக்கிறார்கள்.

உயரம்: கவ் கிராஸ் 4 முதல் 5 செ.மீ., சிக்லாப் புல் 2.5 முதல் 3.5. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 5 செ.மீ. வேண்டுமென்றால் 7.5 வரும்போது வெட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் கவ் கிராஸுக்கு அது ஏழு, பத்து நாள். மாதம் ஒருமுறை வரும் ஆள் நைலான் கயிறு மெஷினால் 12 செ.மீ. புல்லை 3 செ.மீ.க்கு மழித்துவிட்டுப் போனால், மிஞ்சுவது வெறும் தண்டு. அந்த இடைவெளியில்தான் தொட்டாற்சுருங்கி நுழைகிறது. ஈரத்தில் வெட்டாதீர்கள், சக்கரம் பள்ளம் போடும், வெட்டிய புல் கட்டியாக ஒட்டி அடியில் இருப்பதை அழுகவைக்கும்.

---

மண்வெட்டி:

பிளேடு விஷயம் நூற்றுக்கு நூறு. உரத்துக்கு வருவோம். யூடியூபில் வசந்தகால உரம், இலையுதிர்கால உரம் என்பார்கள். நமக்கு அந்தக் கணக்கே கிடையாது. தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 15-15-15 உரம், சதுர மீட்டருக்கு 30 கிராம்; 40 சதுர மீட்டருக்கு 1.2 கிலோ. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் போதும், சிக்லாப் புல்லுக்கு வேண்டுமானால் இன்னொரு தடவை. டிசம்பர், ஜனவரி அடைமழையில் போட்டால் காசு வடிகாலில் போகும்.

பனி காய்ந்த பிறகு, காய்ந்த இலையில் தூவுங்கள். பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்கே. இல்லையென்றால் வரிக்குதிரை மாதிரி பட்டை விழும். உடனே அஞ்சு நிமிஷம் தண்ணீர் காட்டிவிடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் மூட்டையைத் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர் உண்மையிலேயே தேவைப்படுவது பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில். நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காலடி அப்படியே பதிந்திருக்கும், சிக்லாப் புல்லின் இலை நூலாகச் சுருண்டிருக்கும். அப்போது இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை, காலை 9 மணிக்குள், சதுர மீட்டருக்கு 10 லிட்டர். நாலு காலி டூனா டின்னை அங்கங்கே வைத்து, ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. சேர்ந்ததும் குழாயை மூடுங்கள். தினமும் சும்மா நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

---

மைனா:

காலையில் புல்தரையில் மைனாக் கூட்டம் இறங்கி விடாமல் கொத்தினால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். கீழே புழு இருக்கிறது. படைப்புழு வந்தால் ஒரு ராத்திரியில் தட்டு அளவு இடத்தைத் தண்டுவரை மேய்ந்துவிடும். நாலு லிட்டர் தண்ணீரில் ரெண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்துக்குள் மேலே நெளிந்து வந்துவிடும். புழுவைக் கொல்லும் பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்தை மாலையில் அடிக்க வேண்டும்; வெயில் பட்டால் வீரியம் போய்விடும். புழு சின்னதாக இருக்கும்போதுதான் அது வேலை செய்யும்.

கொசு விஷயமும் இருக்கிறது. புல்மேல் நிற்கும் தண்ணீரையே எல்லாரும் பார்க்கிறார்கள். ஏடிஸ் முட்டையிடுவது ஹோஸ் ரீல் தட்டில், பூவாளியில், மெஷினை மூடிய தார்ப்பாய் மடிப்பில், வெட்டிய புல் அடைத்த வடிகாலில். டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் நேராக அங்கேதான் டார்ச் அடிப்பார்கள்.

---

நிழல் கணக்கு:

ஒன்று விட்டுப்போச்சு. சிமெண்டு ஓரத்தை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மஞ்சள் இருந்தால் உரம் போடாதீர்கள். சிமெண்டின் சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கி இரும்புச்சத்தைக் கட்டிப்போடுகிறது. அடையாளம் எளிது: இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கீழே இருக்கும் பழைய இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. இரும்புக் குறைக்கு ஃபெரஸ் சல்பேட் 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சதுர மீட்டர். இரண்டே நாளில் கருகரு என்று வரும். தரை ஓடுகள்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக்கறை பிடித்துவிடும், அதனால் அடிப்பதற்கு முன்பே ஓடுகளை நனைத்து வைத்து, முடிந்த கையோடு கழுவிவிடுங்கள்.