பொருள்: 'ஓவர்ஸ்கேன்': மிகைவருடலா, ஓரவெட்டா?

> ஓவர்ஸ்கேன் = மிகைவருடல், அண்டர்ஸ்கேன் = குறைவருடல். இப்படியே மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடலாமா?

வணக்கம். வருடல் என்றதும் கண்ணாடிமேல் தாளை வைக்கும் வருடிதான் நினைவுக்கு வரும். இது டிவியில் படத்தின் ஓரம் மறைவதைப் பற்றியது, வருடிக்கு இங்கே வேலையே இல்லை. குழாய் டிவி காலத்தில் மின்கற்றை, திரைச்சட்டத்தையும் தாண்டிப் படத்தை இழுத்தது. ஓரத்துக் கோணல் சட்டத்துக்குள் மறைந்துபோகும். அந்தப் பழக்கத்தை எல்இடி டிவியும் விடவில்லை. எச்டிஎம்ஐ வழியே 1920×1080 வந்தால் சற்றுப் பெரிதாக்கி நான்கு பக்கமும் கத்தரிக்கிறது. பக்கத்துக்கு 2.5 விழுக்காடு என்றாலே இடம், வலம் 48 பிக்சல், மேல், கீழ் 27 பிக்சல் போச்சு. டாஸ்க்பார் 40 பிக்சல் உயரமென்றால் கடிகாரத்தின் தலை மட்டும்தான் மிஞ்சும்.

போட்டோவுக்கு பிரேம் போடுபவர் 'பிரேம் ஓரத்தைத் தின்னுடும்' என்பாரே, அதேதான் இது. 'ஓரவெட்டு' என்று வைப்போம். (முன்பு யாரோ சொன்ன 'விளிம்புண்ணி' வேண்டாம். மாட்டு உண்ணி மாதிரி இருக்கிறது.)

— கடலூர் முதுநகர்

> படம் இடப்பக்கம் தள்ளி நிற்பதும் ஓரவெட்டுதானா?

இல்லைங்க. ஒரு பக்கம் மறைந்து எதிர்ப்பக்கம் கருப்புப் பட்டை தெரிந்தால் அது வேறு, 'படவிலகல்' எனலாம். பெரும்பாலும் விஜிஏ கேபிளில் வரும். மானிட்டரின் ஆட்டோ பொத்தானே போதும். ஆனால் அழுத்துமுன் கருப்பு வால்பேப்பரை மாற்றி, ஓரம்வரை வெளிச்சமான ஏதாவதொன்றை முழுத்திரையில் திறந்து வையுங்கள். படம் எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறது, கருப்பில் ஏமாந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், டிவிக்காரர் இல்லாத ஆட்டோ பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

— வில்லியனூர், புதுச்சேரி

ஏற்கிறேன். ஓரவெட்டுக்கு முதல் மருந்து ரிமோட்தான். படஅளவுப் பட்டியலில் எல்ஜி 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றும் சாம்சங் பல மாடல்களில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்றும் எழுதியிருக்கும். அதைத் தேர்ந்தால் பிக்சலுக்குப் பிக்சல் வரும். ரிமோட்டில் வழியில்லை என்றால்தான் லினக்ஸ் பக்கம் வரணும். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டில், எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைக்கும் கட்டளையில் 'அண்டர்ஸ்கேன்' பண்பை ஆன் செய்து, கிடைமட்ட ஓரம் 48, செங்குத்து ஓரம் 27 கொடுக்கலாம். இன்டெலில் அந்தப் பண்பு கிடையாது. 'டிரான்ஸ்ஃபார்ம்' கொடுத்துப் படத்தைச் சுருக்க வேண்டும். லினக்ஸின் புதிய திரைமுறையான வேலண்டில் எக்ஸ்ரேண்டர் செல்லாது, டெஸ்க்டாப்பின் திரை அமைப்பிலேயே பாருங்கள். எப்படிச் சுருக்கினாலும் எழுத்தின் கூர்மை கொஞ்சம் போகும்.

அண்டர்ஸ்கேனுக்கு 'ஓரவிடுப்பு'?

— கடலூர் முதுநகர்

விடுப்பு என்றால் லீவு! 'ஓரம்விடல்' போதும், நோட்டில் கோடு போட்டு ஓரம் விடுகிறோமே.

ஆனால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் அமைப்புக் கோப்பைக் கவனியுங்கள். அங்கே 'டிசேபிள் ஓவர்ஸ்கேன்' மதிப்பை 1 ஆக்கினால் போவது படத்தைச் சுற்றிய கருப்புப் பட்டை. பெயர் ஓவர்ஸ்கேன், வேலையோ ஓரம் விடுவது. அந்த வரியை 'ஓரவெட்டை நிறுத்து' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஓரம்விடலை நிறுத்து' என்று போட்டிருக்கிறேன், சரிபாருங்கள்.

— வில்லியனூர், புதுச்சேரி