காதுல கிளிப் மாட்டினா கிட்னி தேறுமா?

கோத்தகிரிக்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரை ரொம்ப வருசமா இருக்கு. கிட்னி எவ்ளோ கெட்டிருக்குன்னு காட்டற கிரியேட்டினின் இப்ப 4.8. காதுல மாட்டுற மெஷின் ஒண்ணு வாட்ஸ்அப்ல வந்துச்சு. மூளையிலேர்ந்து கழுத்து வழியா இறங்கற, காதுக்கும் ஒரு கிளை இருக்கற வேகஸ் நரம்பைத் தூண்டினா கிட்னி சரியாகும்னு அமெரிக்காவுல நிரூபிச்சிட்டாங்களாம். டயாலிசிஸ்னு ஆயிட்டா வாரம் மூணு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏற அவரால ஆகாது. வாங்கலாமா?

தேயிலைத்தோட்டம்:
தாராளமா வாங்குங்க. புரளி இல்லீங்க. 2016ல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒகூசா குழு எலிகள்ல செஞ்சு பார்த்தாங்க. கிட்னிக்குப் போற ரத்தத்தை அடைச்சுத் திறந்துவிட்டா அது கெடும். முன்கூட்டியே வேகஸைத் தூண்டின எலிகளுக்குச் சேதம் குறைவு. வலிப்புக்கு இந்தச் சிகிச்சை 1997லயே அங்க அனுமதி வாங்கினதுதான்.

அருவங்காடு அக்கா:
முன்கூட்டியேன்னு நீங்களே எழுதிட்டு விறுவிறுன்னு தாண்டிட்டீங்க! சேதத்துக்கு 24 மணி நேரம் முன்னாடி, அதுவும் கழுத்துல, நரம்பையே பிடிச்சுத் தூண்டினாங்க. காதுல இல்ல. மண்ணீரலை எடுத்துட்டா அந்தப் பலனும் போயிடுச்சு. அப்படின்னா தூண்டல் மண்ணீரல் வழியா அழற்சியை அடக்குது, அவ்வளவுதான். கோத்தகிரித் தம்பியோட அப்பாவுக்குச் சர்க்கரை வருசக்கணக்கா அரிச்சிருக்கு. கிட்னியில தழும்பு விழுந்த இடம் மறுபடி வடிகட்டாது.

தேயிலைத்தோட்டம்:
அடிபடப்போற நேரம் முன்னாடியே தெரியற இடமும் இருக்கேக்கா. இதய ஆபரேஷனைத் தேதி குறிச்சுத்தான் பண்றாங்க. மாற்றுக் கிட்னியும் ரத்தமில்லாம ஐஸ்ல கிடந்துதான் வருது. அங்கெல்லாம் உதவாதா?

அருவங்காடு அக்கா:
உதவலாம், அதுல எனக்குச் சண்டையே இல்ல. மனுசங்ககிட்ட சோதிச்சுச் சொல்லட்டும். ஆனா வாட்ஸ்அப்காரன் விக்கிறது அதையா? அதுவுமில்லாம வேகஸ் இதயத்துடிப்பைக் குறைக்கிற நரம்பு. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க இதுல கை வைக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கணும்.

தேயிலைத்தோட்டம்:
சரி, விக்கிறவன் ஃபிராடுன்னே வைங்க. ஆராய்ச்சி ஃபிராடு இல்லையே. நீங்க ரெண்டையும் ஒரே கூடையில போட்டு மூடறீங்க.

கூடலூர் வாசி:
தம்பி, மலை இறங்கறதுதான் கவலைன்னா வீட்டுலயே வயித்து வழியா பண்ற டயாலிசிஸ் அப்பாவுக்கு ஒத்துவருமான்னு இப்பவே கேட்டு வைங்க. அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வயித்துக்குள்ள விடற தண்ணிப் பையை வீட்டுக்கே தர்றாங்க.

கோத்தகிரிக்காரன்:
எங்க ஊர்க் குளிருக்கு அந்தத் தண்ணி ஐஸா இருக்குமேங்க?

அருவங்காடு அக்கா:
உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் உள்ள விடணும். அதுக்கு ஹீட்டிங் பேட் இருக்கு. வெந்நீர்ல மட்டும் பையை முக்கிடாதீங்க, கிருமி ஏறிடும். முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. கிளிப் காசு கையிலயே இருக்கட்டும்.