புதுப்பிப்பு: அப்பா அம்மாவின் ஷெங்கன் பயணக் காப்பீடு

ஜெர்மனிக்கு வரும் அப்பா அம்மாவுக்கு எந்தப் பாலிசி நல்லது என்று கேட்டிருந்தேனே, எடுத்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ கவரேஜ் இருந்தால் போதும். எனக்குக் கவலை அப்பாவின் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய் என்றால், உயிருக்கே ஆபத்து வந்தால்தான் தருவோம், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள் என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கிறது. வயதானவர்களுக்கு அறை வாடகை, ஐசியு என ஒவ்வொன்றுக்கும் சப் லிமிட் (தனித்தனி உச்சவரம்பு) வேறு! அது இல்லாத பாலிசிக்கு பிரீமியம் கூடத்தான். பரவாயில்லை என்று அதையே எடுத்தேன்.

டிடக்டபிள் பற்றிக் கேட்டவருக்கு: 100 டாலர் டிடக்டபிள் என்றால், 500 டாலர் பில்லில் முதல் 100 நம் கைக்காசு, மீதி 400 கம்பெனி. சின்னச் செலவுகளுக்கு க்ளெய்மே வராது.