ஃபார்ன்ஸ்வொர்த் திட்டு: ஒரே டேங்க்கில் 130 அடி போகலாமா?

கரையோரன்:
கலிபோர்னியாவில் டைவ் செய்யும் நம் ஆட்களிடம் ஒரு பயம் பரவியிருக்கிறது. காட்டலினா தீவின் மேற்குப் பக்கம், திறந்த கடலில் இருக்கும் ஃபார்ன்ஸ்வொர்த் பாறைத்திட்டு என்றாலே "அது உனக்கு வேண்டாம்" என்று புதியவர்களைத் தடுத்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 130 அடி. அந்த எல்லைக்குள் காற்று நிரப்பிய 80 கன அடி அலுமினியம் டேங்க் ஒன்றோடு உலகம் முழுக்க இறங்குகிறார்கள். கையில் ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், படகில் ஆக்சிஜன், கூட அனுபவமுள்ள கூட்டாளி. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தப் பக்கம் காற்றும் அலையும் அடங்கி, படகு போகிற நாள்களே குறைவு. என் நண்பர் அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்துவிட்டார். அடுத்த முறை 130 அடிக்கு அழைத்துப் போகப்போகிறேன்.

ஆழிமகள்:
கரையோரன், அட்வான்ஸ்டு கோர்ஸுக்குக் கிடைக்கும் கார்டு 100 அடி வரைக்கும்தான். 130-க்கு டீப் ஸ்பெஷாலிட்டி என்ற ஆழப் பயிற்சி தனியாக இருக்கிறது. சரி, கார்டை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம்.

130 அடியில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. உங்கள் நண்பரின் ரெகுலேட்டர் (டேங்க்கிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் கருவி) அங்கே பழுதாகி, அவர் உங்கள் ஆக்டோபஸை, அதாவது உபரி வாய்க்கருவியை, பிடித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். இருவருக்கும் பதற்றம், ஆளுக்கு நிமிடத்துக்கு 1 கன அடி; அது மேலே உள்ள அளவு, ஆழத்தில் அங்குள்ள அழுத்தத்தால் பெருக்க வேண்டும். பிரச்சினையைப் புரிந்து கிளம்ப ஒரு நிமிடம்: 10 கன அடி. நிமிடத்துக்கு 30 அடி வேகத்தில் மேலே வர நாலேகால் நிமிடம்: 26 கன அடி. 15 அடியில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 9. மொத்தம் 45. அந்த டேங்க்கில் நிஜமாக இருப்பது 77 கன அடிதான். அதாவது டேங்க்கின் அழுத்தமானி 1750 பிஎஸ்ஐ காட்டும்போதே நீங்கள் மேலே கிளம்பியாக வேண்டும். மிச்சம் 32 கன அடி. நிதானமாக மூச்சுவிடுகிறவருக்கே அது ஒன்பது நிமிடம், அதிலும் இறங்குகிற நேரம் சேர்த்தி.

நண்பரிடம் எந்த அளவில் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள்?

கரையோரன்:
எல்லாரும் சொல்வதுதான்: 500 பிஎஸ்ஐ-யோடு படகில் ஏற வேண்டும். உங்கள் கணக்கு மிக மோசமான நிலைமையை வைத்துப் போட்டது. இருவரும் ஒரே நேரத்தில் பதறி, அதுவும் ஆழத்தின் அடியில், அதுவும் டைவின் கடைசி நிமிடத்தில் நடக்க வேண்டும். இப்படி யோசித்தால் நெடுஞ்சாலையில் கார் ஓட்டவே முடியாது.

ஆழிமகள்:
500 என்பது மேலே வந்த பிறகு மிஞ்சியிருக்க வேண்டியது. கீழே எப்போது கிளம்ப வேண்டும் என்று அது சொல்லாது. மோசமான நிலைமைக்குக் கணக்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவது? அது நடக்கும்போது 130 அடியில் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போட யாராலும் முடியாது.

உப்புக்காற்று:
அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த ஆழத்தில் காற்று கெட்டியாகிவிடுகிறது. மூச்சுவிடும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. காற்று 5.2-ஐ 100 அடியைத் தாண்டியதும் தொட்டுவிடும். 130-ல் 6.2-க்கும் மேலே. அடர்த்தி கூடினால் மூச்சு இழுக்கவே உழைக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தங்கும். அது தங்கினால் நைட்ரஜன் மயக்கம் (ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற நிலை) இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

அப்புறம், "எனக்கு மயக்கமே வருவதில்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அடிக்கடி ஆழம் போனால் மயக்கத்தின் உணர்வு பழகிப்போகும். கையும் மூளையும் மெதுவாவது அந்த அளவுக்குப் பழகாது.

கரையோரன்:
அதற்குத்தான் நைட்ராக்ஸ், ஆக்சிஜன் கூடுதலான காற்று, இருக்கிறதே. 32 சதவீத ஆக்சிஜன் உள்ளதை நிரப்பிக்கொண்டால் போச்சு.

உப்புக்காற்று:
இல்லை அண்ணே, அது ஆபத்தான பதில். 32-இன் ஆழ வரம்பு 111 அடி. 130-க்கு அதை எடுத்துப் போனால் ஆக்சிஜன் நச்சுதான் முதல் கவலை, தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும். மயக்கத்தையும் அது குறைக்காது, ஆக்சிஜனும் மயக்கம் தரக்கூடியது என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். அடர்த்தியும் துளிகூடக் குறையாது. மயக்கத்துக்கும் அடர்த்திக்கும் மருந்து ஹீலியம்தான். 25 ஆக்சிஜன், 25 ஹீலியம் கலந்தால் 130 அடியில் அடர்த்தி 5.1 அளவில் நிற்கும்.

கரையோரன்:
ஹீலியம் விற்கிற விலைக்கு அதைச் சொல்வதும் "போகாதே" என்று சொல்வதும் ஒன்றுதான். பணம் உள்ளவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்கிறீர்களா? நான் அதைத்தான் எதிர்க்கிறேன்.

பாசிக்கல்:
யாரும் போகாதே என்று சொல்லவில்லையே. நான் கேட்பது வேறு. 130 அடியில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? திட்டின் உச்சி 60 அடிப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. எல்லாரும் தேடிப் போகும் அந்த ஊதாநிற ஹைட்ரோகோரல் அங்கேயே தொடங்கிவிடும், 80, 90 அடியில் சுவரெங்கும் இருக்கிறது. உண்மையான பவளம் இல்லை அது, ஹைட்ராவின் உறவு. மிக மெதுவாக வளரும். ஒரு துடுப்பு உதை போதும், பல வருட வளர்ச்சி முறிந்து கீழே விழும். அதைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் தெரியாமல் உதைப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

நான் நேரில் பார்த்துக் கொதித்த விஷயம் இது. மயக்கத்தில், 7 மில்லிமீட்டர் வெட் சூட் ஆழத்தில் நசுங்கி மிதப்பு போய், பிசிடி என்ற மிதப்பு ஜாக்கெட்டில் காற்று ஏற்றத் தாமதமாகி, அப்படியே சுவரின் மேல் உட்காருகிறார்கள். சூட் நசுங்கினால் குளிரும் உள்ளே வரும். மேலே தண்ணீர் இதமாக இருக்கிற செப்டம்பரில்கூடக் கீழே குளிர் அடுக்கைத் தாண்டியதும் கை விறைக்கும்.

அந்தக் கோரல் அங்கே செழிப்பதற்கு நீரோட்டமும் ஒரு காரணம், அதுதான் இரையைக் கொண்டுவருகிறது. அதே ஓட்டத்தில்தான் நாமும் துடுப்படிக்க வேண்டும். ஆளுக்கு நிமிடத்துக்கு 1 கன அடி என்பது பதற்றத்தில் மட்டும் வருகிற அளவு இல்லை, ஓட்டத்தை எதிர்த்து நங்கூரக் கயிற்றுக்குத் திரும்பும்போதே வந்துவிடும். கயிற்றைத் தவறவிட்டால் நடுக்கடலில் மிதவை விட்டு ஏற வேண்டும்.

கரையோரன்:
கோரல் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஆழத்தில் அந்தச் சுவர் கீழே இருட்டுக்குள் போகிற காட்சி வேறு. அதைப் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை. சரி, தனி பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டால்? என்னிடம் 19 கன அடி போனி (அவசரத்துக்கான சின்ன டேங்க்) இருக்கிறது.

ஆழிமகள்:
ஆசை தப்பே இல்லை. எனக்கும் அந்தச் சுவர் பிடிக்கும். போனியை இதே கணக்கில் போடுங்கள்: ஒருவருக்கு, கிளம்ப ஒரு நிமிடம் 5, ஏற 13, நிறுத்தம் நாலரை. மொத்தம் 22-க்கு மேல். 19 போதாது, 30 வேண்டும். அதுவும் நீங்கள் மட்டும் கட்டிக்கொண்டால் நண்பருக்கு என்ன பயன்? அவர் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் அந்த நேரத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

அவரை 100 அடிக்கு அழைத்துப் போங்கள். அங்கே இருவருக்கான இருப்பு 34 கன அடி, திரும்பும் அளவு ஏறத்தாழ 1350 பிஎஸ்ஐ. நிதானமாகப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். நைட்ராக்ஸ் கார்டு இருந்தால் 32 எடுங்கள். அந்த ஆழத்துக்கு அது சரியான வாயு, மேலே வரும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் அங்கே இருக்கக்கூடிய நேரம் காற்றில் 20 நிமிடம் என்றால் அதில் 30.

கரையோரன்:
நண்பரை 100-க்கு அழைத்துப் போகிறேன். 1350-ஐ அவர் தண்ணீருக்குள் கொண்டுபோகும் ஸ்லேட்டிலும் எழுதித் தருகிறேன். ஆனால் தகுதியுள்ள இருவர், ஆளுக்கொரு 30 கன அடி போனியோடு காற்றில் 130 போவது பொறுப்பற்ற செயல் என்றால் அதை ஏற்க மாட்டேன்.

உப்புக்காற்று:
காற்று தீர்ந்துபோகும் பிரச்சினையை போனி தீர்க்கும். அதற்குள் இருப்பதும் அதே அடர்த்தியான காற்றுதானே? அங்கே நான் இன்னும் எதிர்ப்பக்கம்தான்.