கல்லுப்பட்டி பக்கம் குடிவருகிறோம்: ஒருபோக மானாவாரியை நம்பலாமா, வேறு என்ன வேலை கிடைக்கும்?

திருப்பூர் மெக்கானிக் (கேள்வி)

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகிற வழியில் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கிராமம். பதினான்கு வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் எல்லாம் பார்ப்பேன். மனைவி ஓவர்லாக் டெய்லர். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு, இருவரும் இங்கே தனியார் பள்ளியில்.

போன புரட்டாசியில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அம்மா ஒருத்தியே தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. அதனால் வரும் கோடையில் ஊருக்கே குடிவந்துவிடலாம் என்று இருக்கிறோம். அப்பா பெயரில் மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் கரிசல் காடு இருக்கிறது. கிணறு கிடையாது. இத்தனை நாள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டிருந்தோம்.

பொங்கலுக்கு வந்தபோது குதிரைவாலி அறுத்துக் கட்டு கட்டாகக் கிடந்தது. பருத்தி பூவும் காயுமாக நின்றது. கண்மாயில் தண்ணீர். பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போகவே மனசு வரவில்லை. ஆனால் அப்பா சொல்கிறார், இந்தக் காடு வருஷத்தில் நாலு மாதம்தான் சோறு போடும் என்று. வீட்டு வாடகை இல்லை என்றாலும் அப்பா மருந்து, பிள்ளைகள் செலவு எல்லாம் சேர்த்து மாதம் பதினெட்டாயிரம் வேண்டும். மீதி எட்டு மாதம் என்ன வேலை பார்க்கிறீர்கள்? இருக்கிற மூன்றரை லட்சத்தில் போர் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டு மோட்டார் கடை

தம்பி, நீங்கள் பொங்கலுக்குப் பார்த்த காட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தை மாதம் நம் ஊர் யாருக்கும் அழகாகத்தான் தெரியும். சித்திரையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து தங்குங்கள். அப்போது உங்கள் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் செருப்பு நுனி மாட்டும். குனிந்து கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும், உள்ளேயும் மண் சூடாகவே இருக்கும். கண்மாய் நடுவில் ஆடு மேயும். அந்த மாதத்தில் எந்த வீட்டுக்கு எந்த வழியில் காசு வருகிறது என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தர் நூற்பாலை வேனில் ஏறுவார், ஒருத்தர் சென்ட்ரிங் வேலைக்குப் போவார், ஒரு வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புவார். காட்டை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிற வீடு ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்கள் அப்பா சொன்னது சரி. நம் மாவட்டத்து மழையில் கிட்டத்தட்ட பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும். மற்ற மாத மழை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும், அதை நம்பி விதை போட முடியாது. மேலூர்க்காரர்களுக்குப் பெரியாறு கால்வாய் இருக்கிறது. நமக்கு வானம்தான். ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ விதைத்துவிட்டு, ஐப்பசி மழை பிந்தாமல் வரவேண்டும், மார்கழிவரை விட்டுவிட்டாவது பெய்யவேண்டும். குதிரைவாலி 90 முதல் 100 நாளில் வீட்டுக்கு வந்துவிடும். மக்காச்சோளம் கொஞ்சம் கூட. பருத்தி மாசி, பங்குனி வரைக்கும் இழுக்கும்.

நான் வந்த கதையைச் சொல்கிறேன். 2016 ஆடியில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டு வந்தேன். நாலு ஏக்கர், எல்லாவற்றிலும் மக்காச்சோளம். அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைவு. பயிர் முழங்கால் உயரம் வந்து அப்படியே சுருண்டது. மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துக் கொடுத்தேன், உழவுக் கூலிகூடத் தேறவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்கள். என் கையில் அப்போது வேறு தொழில் எதுவும் இல்லை. மனைவியின் நகை ஏழு பவுன் போனது. அதில் மூன்று இன்னும் மீட்கவில்லை. 2018ல் மழை ஓரளவு இருந்தது, ஆனால் படைப்புழு வந்து குருத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்தப் புழுவை அதற்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் ஒரு கடையில் சம்பளம் இல்லாமல் எட்டு மாதம் உட்கார்ந்து மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது சொந்தக் கடை. காட்டில் வருவது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பணம், அதில் விதை, உரம், பழைய கடன் கழிந்து மிச்சம். மாதச் செலவு கடையில்தான் ஓடுகிறது. நீங்கள் என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள்.

நம் கல்லுப்பட்டி ரோடு திருமங்கலத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போகிற ரோடு. ராஜபாளையத்துக்கு அங்கிட்டு தளவாய்புரம், செட்டியார்பட்டியில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். அத்தனை வீட்டிலும் மெஷின் ரிப்பேர் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்வந்தால் போதும், மீதி நாள் இந்தப் பக்கத்து டெய்லர்களைப் பிடிக்கலாம். திருப்பூரிலிருந்து வரும்போது லூப்பர், ஊசி, பாபின் கேஸ், பெல்ட் என்று சாமான் வாங்கி வந்துவிடுங்கள். இங்கே அவசரத்துக்குக் கிடைக்காத சாமான்தான் உங்களுக்கு வாடிக்கை பிடித்துத் தரும்.

போர் விஷயம். மோட்டார் ஓடினால்தான் எனக்குப் பிழைப்பு, ஆனாலும் சொல்கிறேன், அந்த மூன்றரை லட்சத்தைப் பூமிக்குள் விடாதீர்கள். நான் பைப்பைத் தூக்கும்போது கடைசிப் பைப் காய்ந்து வருகிற போர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு வருஷச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் யோசிக்காதது. போகம் குட்டை என்றால் வேலையும் ஒரே வாரத்தில் வந்து விழும். ஒரு நல்ல மழை பெய்து உழவு ஈரம் வந்ததென்றால் அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் டிராக்டர் வேண்டும். இருபதாம் நாள் எல்லாருக்கும் களையெடுக்க ஆள் வேண்டும். வெளியூரில் வேலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்றால் ஈரம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் முதல் வருஷம் மூன்று ஏக்கரையும் எடுக்காதீர்கள். ஒரு ஏக்கர் குதிரைவாலி போடுங்கள். மீதியை வாரத்திலேயே விட்டு வையுங்கள்.

தினமும் கப்பலூர் போகிறவன்

அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாறுபாடு. மெக்கானிக் வேலைக்கு வாடிக்கை பிடிக்க ஆறு மாதமாவது ஆகும். அப்பா மருந்துக்கு ஆறு மாதம் காத்திருக்க முடியாது. முதலில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பராமரிப்பு வேலை பிடித்துவிட்டு வாருங்கள். கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வந்தால் அடுத்து கப்பலூர்தான். சம்பளம் திருப்பூர் அளவு இருக்காது, ஆனால் ஒன்றாம் தேதி வரும். நைட் ஷிஃப்ட் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்கிராமத்துக்குக் கடைசி பஸ் போனபிறகு வண்டி இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் என்றால் 2022ல் தேனி ரயில் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் அந்த வசதி கிடையாது.

பேரையூர் மருமகள்

தம்பி, உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? கேள்வி முழுக்க உங்கள் வேலையைப் பற்றியே இருக்கிறது, அதனால் கேட்கிறேன். நானும் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழித்து இங்கே வந்தவள். மாமியார் படுத்த படுக்கையானபோது வந்தோம். படுத்திருக்கிறவரைத் திருப்பிவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் கடைசியில் மருமகள் கையில்தான் வந்து நிற்கும். அந்த வேலைக்கு நடுவில் அவர் எப்போது தைக்கப் போகிறார் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். மாமனாரைக் குளிப்பாட்டுவது, வெளிக்குக் கூட்டிப்போவது உங்கள் வேலை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

தையலில் வருமானம் உண்டு. ஆனால் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டினவர்களுக்கு ஜாக்கெட் வெட்டத் தெரியாது. நான் அதைத் தனியாகத்தான் கற்றுக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு மாதம் அங்கேயே ஒரு டெய்லர் அக்காவிடம் கட்டிங் பழகச் சொல்லுங்கள். லைனிங் ஜாக்கெட்டில் கைக்குழி சரியாக உட்கார்ந்துவிட்டால் ஊரே தேடிவரும். தை, பங்குனி, சித்திரையில் முகூர்த்தமும் கோயில் திருவிழாவும் வந்து மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் மேல் துணியைப் போட்டு மூட வேண்டியதுதான். காட்டுக்குப் போகம் இருக்கிற மாதிரி இதற்கும் இருக்கிறது.

மகள் விஷயத்தில் நாள் தள்ளாதீர்கள். ஐந்தாம் வகுப்பு என்கிறீர்கள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பை அரசுப் பள்ளியிலேயே தொடங்கிவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. பெண்பிள்ளை கல்லூரி போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். ஏழாம் வகுப்பில் வந்து சேர்த்தால் 7.5 கிடையாது. என் அண்ணன் மகளுக்கு ஒரு வருஷத்தில் தவறிப்போனது, இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லி வருத்தப்படுவோம்.

திருப்பூர் மெக்கானிக்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் “குளிப்பாட்டுறது நீங்கன்னு எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து கட்டிங் பழகப் போகிறார்.

மோட்டார் கடை அண்ணே, இரண்டு சந்தேகம். காட்டுப்பன்றி அதிகம் என்கிறார்களே, ஒரு ஏக்கரில் போட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? பயிர்க் காப்பீடு எப்படி?

கரிசல்காட்டு மோட்டார் கடை

பன்றி மக்காச்சோளத்தைத்தான் குறிவைக்கும், கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் குட்டிகளோடு இறங்கும். எங்கள் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம். அம்மாவின் முகூர்த்தச் சேலையும் அதில் நிற்கிறது, வெயிலில் நிறம் போய்விட்டது. முதல் பத்து நாள் பன்றி அதைப் பார்த்து ஒதுங்கும், பழகிவிட்டால் அடியில் நுழைந்துவிடும். அதன்பிறகு ராத்திரிக் காவல்தான். குதிரைவாலிக்கு அந்தத் தொல்லை கம்மி. முதல் வருஷத்துக்கு அதைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். நம் பருவத்து மக்காச்சோளம், உளுந்துக்கு எல்லாம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நாம் கட்டுவது, பருத்திக்கு 5 சதவீதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்க வேண்டும். வாரத்துக்கு விட்ட பகுதிக்கு, உழுகிறவர் பெயரில் கட்டுவதா உங்கள் அப்பா பெயரிலா என்று முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கெட்டபிறகு பேசினால் மனஸ்தாபம் வரும்.

கப்பலூர்த் தம்பி சொன்னதும் சரிதான். ஆறு மாதம் அங்கே பாருங்கள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் வேலை எடுங்கள். புரட்டாசியில் விதைக்கிற வாரம் மட்டும் லீவு கிடைக்குமா என்று வேலையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

திருப்பூர் மெக்கானிக்

சரி அண்ணே. சித்திரை பிறந்து இரண்டாம் வாரம் நாலு பேரும் வந்து பத்து நாள் தங்குகிறோம். பள்ளியையும் கப்பலூரையும் அப்போதே பார்த்துவிடுகிறேன். உங்கள் கடை கல்லுப்பட்டியில் எந்தப் பக்கம்? இரண்டு கிளட்ச் மோட்டார் காயில் போய்க் கிடக்கிறது, கையோடு எடுத்து வருகிறேன்.

கரிசல்காட்டு மோட்டார் கடை

பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காயில் கட்டுகிற கடை என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள். கம்பி கேஜ் எத்தனை என்று பார்த்து எழுதி வாருங்கள், நான் வாங்கி வைக்கிறேன்.