கரிக்குலம் மேப்பிங்: 'வரைபடம்' வேண்டாமே

அன்பு நண்பர்களே, வணக்கம்.

கரிக்குலம் மேப்பிங் என்பதற்குப் 'பாடத்திட்ட வரைபடம்' போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கான (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) மென்பொருள் ஒன்றின் திரைகளைத் தமிழாக்க உட்கார்ந்தால் அந்தச் சொல் சீக்கிரமே இடிக்கும்.

முதலில் பொருள். ஃபென்விக் இங்கிலிஷ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980-இல் இதைப் பற்றி எழுதியபோது அவருடைய கவலை எளிமையானது: ஏட்டில் எழுதிய பாடம், வகுப்பில் நடத்திய பாடம், தேர்வில் கேட்ட பாடம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா? 1997-இல் ஹைடி ஹேய்ஸ் ஜேக்கப்ஸ் என்ற இன்னொரு கல்வியாளர் இதை நாட்காட்டியோடு சேர்த்துப் பரவலாக்கினார். ஒவ்வோர் ஆசிரியரும் மாதவாரியாக என்ன உள்ளடக்கம், என்ன திறன், எப்படி மதிப்பிட்டேன் என்று குறித்து வைப்பார். எல்லாருடைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே ஓட்டை, எங்கே ஒரே பாடம் இரண்டு முறை என்பது தெரிந்துவிடும். மென்பொருள் செய்வது இந்த வேலையைத்தான். ஆளுக்கொரு விரிதாள் வைத்துக்கொண்டு 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயரிட்டு அனுப்பிக்கொண்டிருந்ததை ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவருகிறது.

இனி இடிக்கும் இடங்கள். 'வரைபடம்' என்பது கணக்குப் பாடத்தில் கிராஃப். ஓர் அலகின் தலைப்பே 'வரைபடம்' என்று இருக்கும்போது பக்கத்துப் பொத்தானிலும் 'வரைபடம்' என்றால் ஆசிரியர் எதை அழுத்துவார்? 'பாடநிரல்' அழகான சொல்தான், ஆனால் நிரலைப் புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டோம். 'பாட வரைவு' என்றால், ஒப்புதல் கிடைக்காத அலகுகளுக்கு அதே திரையில் 'வரைவு' என்ற நிலை இருக்கிறது. 'பாட அட்டவணை' என்றதும் எல்லாரும் முதல் பீரியட், இரண்டாம் பீரியட் என்று போய்விடுவார்கள்.

என் முன்மொழிவு: பாடத்தடம். ஆவணங்களில் விரிவாகச் சொல்ல வேண்டுமானால் 'கலைத்திட்டத் தடம்'. கரிக்குலத்துக்குக் கலைத்திட்டம், சிலபஸுக்குப் பாடத்திட்டம் என்ற பிரிவு ஆசிரியர் கல்வி நூல்களில் ஊன்றிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். பொத்தானில் இடம் குறைவு, அங்கே 'பாடத்தடம்' போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'மேப்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆண்டு முழுவதற்குமான படமும் மேப். ஓர் அலகை மாநிலம் விதித்த ஸ்டாண்டர்டோடு, அதாவது அந்த வகுப்பு மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற வரையறையோடு, தொடுப்பதும் மேப். இரண்டாவதற்கு நான் சொல்வது 'கோத்தல்'.

ஒரு பின்னப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்த, பல அமெரிக்க மாநிலங்கள் ஏற்ற காமன் கோர் ஸ்டாண்டர்டுப் பட்டியலில் 4.என்எஃப்.ஏ.1 என்பது நான்காம் வகுப்புச் சமான பின்னங்கள். 5.என்எஃப்.ஏ.1 என்பது ஐந்தாம் வகுப்பில் வெவ்வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும். முன்னது வராமல் பின்னது வராது. ஒரு பள்ளி சமான பின்னத்தை அக்டோபரிலும் அதே மாவட்டத்தின் இன்னொரு பள்ளி மாநிலத் தேர்வு முடிந்த பிறகும் நடத்துகிறது என்று வையுங்கள். அலகுகளைக் குறியீட்டோடு கோத்திருந்தால் ஒரு சொடுக்கில் அது வெளிப்படும். 'கோக்காதவை' என்று ஓர் அறிக்கை எடுத்தால் யாரும் தொடாத குறியீடுகள் வரிசையாக வந்து நிற்கும். கோக்கவும், கோத்தவை, கோக்காதவை என்று வினை எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ('கோர்த்தல்' என்று எழுதி அனுப்பாதீர்கள், ரகரம் கிடையாது.)

ஸ்டாண்டர்டுக்குத் 'தரம்' என்று எழுதியவர்களுக்கு ஒன்று: இலங்கையில் தரம் 4 என்றால் நான்காம் வகுப்பு. 'நான்காம் தரத் தரம்' என்று யாராவது படித்துவிட்டுச் சிரிப்பார்கள். 'அடைவுநிலை' என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி மாவட்டம் அப்படியே இருக்கட்டும். கலெக்டர் இருக்கும் மாவட்டத்தோடு குழப்பம் வரும், உண்மைதான். முன்னுரையில் ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

---

ஐயா, வணக்கம்.

கோத்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. தடம் பற்றித்தான் ஐயம். தடம் என்றால் நடந்து முடிந்த பின் விழுவது. ஆண்டு தொடங்குமுன் மாவட்டப் பாடக்குழு போட்டுவைக்கும் திட்டத்தையும் தடம் என்று சொல்ல முடியுமா? இன்னொன்று: காமன் கோரை டெக்சஸ் ஏற்கவில்லை, டெக்ஸ் என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மாநிலம் பட்டியலை மாற்றினால் கோத்ததெல்லாம் அறுந்துபோகாதா?

---

அம்மா, நல்ல கேள்விகள்.

பேருந்துத் தடம் எண் என்கிறோமே, வண்டி கிளம்புவதற்கு முன்பே தடம் இருக்கிறது. ஆகவே 'திட்டத் தடம்', 'நடந்த தடம்' என்று இரண்டாகப் பிரித்தால் போதும். மென்பொருளிலும் இவை இரண்டு தனி நெடுவரிசைகள்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும்?

அறுந்துபோவது பற்றி: இதற்காகவே, அடைவுநிலைப் பட்டியலை மென்பொருள்களுக்கிடையே அனுப்பிக்கொள்ள, கேஸ் என்ற பரிமாற்ற வடிவம் இருக்கிறது. ஐஎம்எஸ் குளோபல் என்ற அமைப்பு, இப்போதைய ஒன்எட்டெக், வெளியிட்டது. அதில் ஒவ்வோர் அடைவுநிலைக்கும் எங்கும் மாறாத தனி அடையாள எண் உண்டு. மென்பொருள் அந்த எண்ணோடு கோத்திருந்தால், பழையதற்குப் பதில் எது வந்தது என்ற தொடர்பையும் பட்டியலை வெளியிடுபவர் தந்துவிடும்போது, பெரும்பகுதியைத் தானாகவே மாற்றிக் கோக்கலாம். வெறும் சொற்களைத் தட்டச்சு செய்து வைத்தவர்கள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், 'பேசிங் கைடு' என்பதற்கு இன்னும் சொல் இல்லை. எந்த வாரத்துக்குள் எந்த அலகை முடிக்க வேண்டும் என்று சொல்லும் தாள் அது. 'வேகக் கையேடு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார், ஓட்டுநர் உரிமப் புத்தகம் போல ஒலிக்கிறது. 'வாரப் பகிர்வு' என்று நான் தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் தொடங்குங்கள், ஞாயிறுக்குள் சொற்கோப்பை அனுப்ப வேண்டும்.