ஹாக்கிங் ஹில்ஸில் பூட்ஸ் கைவிட்டது, ஒட்ட வழி உண்டா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஹாக்கிங் ஹில்ஸ் பூங்கா. இன்று காலை ஓல்டு மேன்ஸ் கேவ் பள்ளத்தில் இறங்கி அரை மணி நேரத்தில் வலது பூட்ஸின் அடிப்பாகம் குதிகாலில் பிளந்து, முதலை வாய் மாதிரி தொங்குகிறது.

கணுக்கால் வரை வரும் தோல் பூட்ஸ், நடுவில் பாலியூரிதேன் நுரை. வாங்கி 6 வருஷம். ஐந்தாறு முறைதான் போட்டிருப்பேன், மீதி நாளெல்லாம் அலமாரியில் தூங்கியது. அந்த நுரை இப்போது விரல் பட்டாலே ரவையாக உதிர்கிறது. இடதும் முன்பக்கம் லேசாகத் தூக்கிவிட்டது.

சூப்பர் குளூ பத்து நிமிஷம் தாங்கியது. டேப் சுற்றினேன், ஈரப் பாறையில் வழுக்கி உட்கார்ந்ததுதான் மிச்சம். லேஸை அடிப்பாகத்தோடு சேர்த்துக் கட்டியதும் அறுந்துவிட்டது.

நாளை கிராண்ட்மா கேட்வுட் பாதை: சீடர் ஃபால்ஸ் வழியாக ஆஷ் கேவ் வரை, ஒரு வழி சுமார் 6 மைல். மணற்பாறை, படிகள், ஈர இலைகள். (பாதைக்குப் பெயர் தந்த அந்த கேட்வுட் பாட்டி 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் நெடும் மலைப்பாதையான அப்பலாச்சியன் பாதை முழுவதையும் கான்வாஸ் ஷூவில் நடந்தவர். மனைவி காலையிலிருந்து இதையே சொல்லிக் காட்டுகிறாள்.) மாற்றுக்கு இருப்பது அடி வழவழவென்று தேய்ந்த ஓட்டக் காலணி மட்டும்.

நுரையே உதிரும் பூட்ஸை, ஓரிரவில், 6 மைல் தாங்குமளவு எதைக் கொண்டு ஒட்டலாம்?